பரீட்சை முடியும்வரை இருப்பேன் என்றேன்

கார்த்தி,

இதை நீ கடைசிவரை படிப்பாயா என்று தெரியவில்லை. போனில் நான் நாலு வரிக்கு மேல் எழுதி அனுப்பினால், ஒரு கட்டைவிரல் படத்தைப் போட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறவன் நீ. காகிதத்தில் அது நடக்காது என்பதால் பேனாவை எடுத்திருக்கிறேன். போன வாரம் நம் குடும்பக் குழுவில் நீ எழுதியதை நானும் பார்த்தேன். "அம்மா மறுபடியும் ஆப்பிரிக்கா கிளம்பறாங்க. பேத்தியைவிட அங்க இருக்கிற பசங்கதான் முக்கியமாம்." கூடவே ஒரு சிரிப்புப் படம். அதிலிருந்து என் போனுக்கு ஓய்வே இல்லை. உன் அத்தை கூப்பிட்டு, "அண்ணி, இந்த வயசுல எதுக்கு இந்த வேலை? நாலு கோயிலுக்குப் போயிட்டு வரக்கூடாதா?" என்றாள். உன் மாமா, அங்கே சிங்கம் வருமா என்று கேட்டான். நீ மட்டும் எதுவும் கேட்கவில்லை. டிக்கெட் எடுத்துவிட்டேன் என்று சொன்ன நாளிலிருந்து என்னோடு பேச்சே இல்லை. சரி, நான் பேசுகிறேன். உன்மேல் இருக்கிற கோபம் மொத்தத்தையும் எழுதிவிட்டுத்தான் பெட்டியை மூடுவதாக இருக்கிறேன். இதை நான் குழுவில் போட மாட்டேன். படித்து முடித்த பிறகு போடலாம் என்று தோன்றினால் நீயே போட்டுக்கொள்.

முதலில் நான் ஏன் போனேன் என்பதைச் சொல்கிறேன், ஏனென்றால் நீ அதைக் கேட்டதே இல்லை. மயிலாப்பூரில் பெண்கள் பள்ளியில் முப்பது வருடத்துக்கு மேல் கணக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு ஓய்வு பெற்றேன். அதற்குப் பிறகு தி. நகரில் அந்த நுழைவுத் தேர்வுப் பயிற்சி மையத்துக்குப் போனேனே, நினைவிருக்கிறதா? ஏசி அறை, மைக், திரையில் எழுத்து. ஒருநாள் ஒரு பெண் எழுந்து, இந்த சூத்திரம் எப்படி வந்தது என்று கேட்டாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பலகையில் படம் போட்டு, ஆரம்பத்திலிருந்து விளக்கினேன். வகுப்பு முடிந்ததும் மேலாளர் என்னைக் கூப்பிட்டார். "மேடம், அதெல்லாம் எதுக்கு? ஷார்ட்கட் மட்டும் சொல்லுங்க. பேரன்ட்ஸ் கேக்கறாங்க" என்றார். அடுத்த மாதம் நான் போகவில்லை. பழைய சக ஆசிரியை ஒருத்தி மலாவியில் ஒரு கிராமத்துப் பள்ளியில் தன்னார்வலராக இருந்துவிட்டு வந்திருந்தாள். அங்கே கணக்குக்கு ஆள் போதவில்லை என்றாள். உன்னிடம் சொன்னபோது, "போயிட்டு வாம்மா, உனக்கும் ஒரு சேஞ்ச்" என்றாய். ஊட்டிக்குப் போகிற மாதிரி நினைத்துக்கொண்டாய் என்பது எனக்கு அப்போது புரியவில்லை. தீபாவின் பிரசவம் கோயம்புத்தூரில் அவள் அம்மா வீட்டில் நல்லபடி ஆகி, நிலாவை மடியில் வைத்துக் கொஞ்சிவிட்டுத்தான் நான் விமானம் ஏறினேன். அதையும் இப்போது மறந்துவிட்டாய்.

அந்தப் பள்ளிக்கூடம் ஒரு செம்மண் சாலையின் முடிவில் இருக்கிறது. தகரக் கூரை. சுவரிலேயே கறுப்பு வண்ணம் அடித்த கரும்பலகை. காலையில் பிள்ளைகள் வந்ததும் முற்றத்தைப் பெருக்கிவிட்டுத்தான் வகுப்புக்குள் வருவார்கள். எனக்குக் கொடுத்தது கடைசி வகுப்பு, நம் ஊர்ப் பிளஸ் டூ மாதிரி, பொதுப் பரீட்சை எழுதுகிறவர்கள். முதல் நாள் என் பெயர், ஊர் எல்லாம் சொல்லிவிட்டு, ஏதாவது கேட்க வேண்டுமா என்றேன். இந்தியாவைப் பற்றிக் கேட்பார்கள், புடவையைப் பற்றிக் கேட்பார்கள் என்று எதிர்பார்த்தேன். இரண்டாவது வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். சிசோமோ என்று பெயர். "மேடம், நீங்க எப்போ திரும்பிப் போவீங்க?" என்றாள். திமிராகக் கேட்கவில்லை. பேருந்து எத்தனை மணிக்கு என்று கேட்பது போலக் கேட்டாள். அங்கே இருந்த ஒரே கணக்கு ஆசிரியர், பிரி என்று பெயர், பிறகு எனக்கு விளக்கினார். எனக்கு முன்னால் வந்த தன்னார்வலர் பாதி வருடத்தில் கிளம்பிவிட்டாராம். அதற்கு முன்னால் வந்தவரும் அப்படித்தானாம். நான் அந்தப் பெண்ணிடம், எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன்: "உங்க பரீட்சை முடியற வரைக்கும் நான் எங்கயும் போக மாட்டேன்." வகுப்பில் ஒருவரும் கைதட்டவில்லை. சிசோமோ தலையை மட்டும் ஆட்டிவிட்டு உட்கார்ந்தாள்.

அங்கே எல்லாம் இனிமையாக இருந்தது என்று நினைக்காதே. எனக்குத் தினமும் எரிச்சல்தான். சோளம் விதைக்கிற மாதத்தில் பாதி வகுப்பு வயலுக்குப் போய்விடும். ஊரில் யாராவது இறந்தால் பள்ளிக்கூடமே சாவு வீட்டுக்குப் போய்விடும். ஒரு புத்தகத்தை நாலு பேர் பார்த்துப் படிப்பார்கள். வாய்ப்பாட்டை ராகமாகச் சொல்வார்கள், ஆனால் ஏன் என்று கேட்டால் தரையைப் பார்ப்பார்கள். கேள்வி கேட்பது மரியாதைக் குறைவு என்று யாரோ சொல்லி வைத்திருக்கிறார்கள். நான் சாயங்காலம் தனி வகுப்பு வைத்தேன், பிரிக்குப் பிடிக்கவில்லை. "நீங்க பழக்கப்படுத்திட்டுப் போயிடுவீங்க, அப்புறம் என்கிட்ட வந்து கேப்பாங்க. எனக்கு நாலு வகுப்பு இருக்கு மேடம்" என்றார். அவர்மேல் கோபப்பட்டேன். ஆனால் அவர் சொன்னதில் தப்பு எதுவும் இல்லை. வீட்டுக்கு வந்து சோள மாவைக் கிளறி, கொண்டுபோன ரசப்பொடியில் ஏதோ ஒன்று செய்து சாப்பிட்டுவிட்டு, எதற்கு வந்தோம் என்று எத்தனை நாள் யோசித்திருக்கிறேன் தெரியுமா.

ஒருநாள் வகுப்பு நடுவில் மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரையில் மழை விழுந்தால் பக்கத்தில் இருக்கிறவர் பேசுவதுகூடக் கேட்காது. அந்த நேரத்தில் எல்லாரும் பாடத்தை நிறுத்திவிடுவது வழக்கம். எனக்கு அன்றைக்கு நிறுத்த மனசில்லை. பலகையில் ஒரு இருபடிச் சமன்பாட்டை எழுதிவிட்டு சாக்பீஸை நீட்டினேன். சிசோமோ எழுந்து வந்தாள். முதல் வரி எழுதினாள், இரண்டாவதில் தப்புச் செய்தாள். நான் சொல்லிக்கொடுக்க முடியாது, சொன்னாலும் கேட்காது. கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அவள் பலகையையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு தன் கையாலேயே அழித்துவிட்டு மறுபடி எழுதினாள். பின்னாலிருந்து ஒரு பையன் எழுந்து வந்து ஒரு கழித்தல் குறியைத் தொட்டுக் காட்டினான். இன்னொருத்தி வந்தாள். ஒரு வார்த்தை இல்லாமல் நாலைந்து பேர் சேர்ந்து அந்தக் கணக்கை முடித்தார்கள். விடை வந்ததும் சிசோமோ என்னைத் திரும்பிப் பார்த்த பார்வைக்காகத்தான் நான் முப்பது வருடம் வேலை பார்த்தேன் என்று நினைக்கிறேன். அதற்குப் பிறகு கேள்விகள் வர ஆரம்பித்தன. பிரிகூட ஒரு சனிக்கிழமை தன் பிள்ளைகளையும் என் வகுப்பில் கொண்டுவந்து உட்காரவைத்தார். சிசோமோவுக்கு நர்ஸ் படிக்க ஆசை. அதற்குக் கணக்கில் தேறியாக வேண்டும்.

பரீட்சைக்குச் சில வாரங்களே இருந்தபோதுதான் நீ கூப்பிட்டாய். சிக்னல் கிடைக்கிற மேட்டில் நின்று பேசினேன். "ம்மா, பதறாதே. அப்பா குளத்தங்கரை பஸ் ஸ்டாப்ல மயங்கி விழுந்துட்டார். ஹார்ட்ல ஏதோ அடைப்புன்னு சொல்றாங்க. ஆஞ்சியோ பண்ணணுமாம். நீ உடனே வாம்மா" என்றாய். நான் அப்பாவுக்குப் போன் போட்டுக் கேட்டேன். "லேசா தலை சுத்தல், டாக்டர் மாத்திரை மாத்திக் கொடுத்திருக்கார், நீ உன் வேலையைப் பாரு" என்றார். மறுபடி உன்னைக் கூப்பிட்டேன். நீ என்ன சொன்னாய்? "அவருக்கே நாங்க முழுசா சொல்லலைம்மா. பயந்துடுவார். நீயும் அவர்கிட்ட எதையும் கேட்காதே." நான் உன்னை நம்பினேன், கார்த்தி. என்னோடு வாழ்ந்த மனுஷன் வாயால் சொன்னதை விட்டுவிட்டு, நீ சொன்னதை நம்பினேன்.

கிளம்புகிற அன்று காலை வகுப்பில், கணவருக்கு உடம்பு சரியில்லை என்று மட்டும் சொன்னேன். ஒரு பையன் எழுந்து அவருக்காகப் பிரார்த்தனை செய்யலாமா என்று கேட்டான். எல்லாரும் எழுந்து கண்ணை மூடிக்கொண்டு அவர்கள் மொழியில் உன் அப்பாவின் இதயத்துக்காகப் பிரார்த்தனை செய்தார்கள். சிசோமோவும் செய்தாள். நான் சொன்ன வார்த்தையை அவள் நினைவுபடுத்தவே இல்லை. அதற்குப் பதில் ஏதாவது திட்டியிருக்கலாம். வண்டியில் பெட்டியை ஏற்றும்போது பிரி, "பரவாயில்லை மேடம். எல்லாரும் போறவங்கதான்" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். அடிஸ் அபாபாவில் விமானம் மாறக் காத்திருந்த நேரமெல்லாம் அந்த வாக்கியம்தான் காதில் இருந்தது. ஒரு பக்கம் அது, இன்னொரு பக்கம் உன் அப்பா முகம்.

விமான நிலையத்தில் நீ பெட்டியை வாங்கிக்கொண்டாய். கிண்டி வருவதற்குள் நான் எத்தனை தடவை கேட்டிருப்பேன்? "இப்ப பரவாயில்லைம்மா", "அப்புறம் சொல்றேன்ம்மா". மந்தைவெளியில் வீட்டு வாசலில் என்னை இறக்கிவிட்டு, ஆபீஸில் மீட்டிங் என்று காரைத் திருப்பிவிட்டாய். பெட்டியை லிஃப்ட் வரைக்கும்கூடக் கொண்டுவரவில்லை. வாட்ச்மேன்தான் தூக்கினான். "இன்னாம்மா, அதுக்குள்ள வந்துட்ட?" என்றான். ஐயாவுக்கு உடம்பு எப்படி இருக்கு என்று கேட்டேன். "அவருக்கு இன்னா, ஜம்முனு கீறாரு. இப்பத்தான் பால் வாங்கினு மேல போனாரு" என்றான். கதவு திறந்திருந்தது. உன் அப்பா ஸ்டூல்மேல் ஏறி நின்று, ஈரத்துணியால் ஃபேனைத் துடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் துணி கையிலிருந்து விழுந்தது.

"நீ எப்படி வந்தே? ஸ்கூல் முடிஞ்சிடுச்சா?"

"முதல்ல கீழ இறங்குங்க. உங்களுக்கு ஆஞ்சியோ பண்ணணும்னாங்களே."

"யாருக்கு?" என்றார் உன் அப்பா.

அப்போதும் நீ சொன்னதைத்தான் நம்பினேன். அவருக்குத் தெரியாது, தெரியாமல்தான் ஸ்டூலில் ஏறுகிறார் என்று நினைத்து, அவரை இழுத்துக்கொண்டு டாக்டரிடம் போனேன். டாக்டர் சிரித்தார். ரத்த அழுத்தம், வெயில், காலையில் சாப்பிடாமல் போனது, அவ்வளவுதான் என்றார். இதயப் பரிசோதனை எடுத்துப் பார்த்ததில் ஒன்றுமில்லை என்று அன்றைக்கே உங்கள் பையனிடம் சொல்லிவிட்டேனே என்றார். திரும்பி வருகிற ஆட்டோவில் உன் அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு லஸ் வரைக்கும் வந்தார். பிறகு, "என்னை வெச்சு உன்னை வரவழைச்சிருக்கான்" என்றார். அவர் அவமானப்பட்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

மறுநாள் தீபா நிலாவைத் தூக்கிக்கொண்டு, இரண்டு பைகளோடு அடையாறிலிருந்து வந்தாள். அவள் நீட்டித்த லீவும் முடிகிறது, காப்பகத்தில் விட்டுப் பார்த்தால் குழந்தைக்கு வாரத்துக்கு ஒரு காய்ச்சல். "அத்தை, நீங்களா வரேன்னு சொன்னதும்தான் எனக்கு உயிரே வந்துச்சு" என்றாள். நானா சொன்னேன் என்று கேட்டதும் அந்தப் பெண் முகம் வெளுத்துப்போனது. அவளிடமும் ஒரு பொய், என்னிடமும் ஒரு பொய், உன் அப்பாவிடம் இரண்டும் இல்லாமல் ஒரு மௌனம். அன்று சாயங்காலம் வந்து நீ சொன்னது அத்தனையும் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. "நேரா கேட்டா நீ வருவியா? பரீட்சை, பரீட்சைன்னு சொல்லியிருப்பே. எனக்கு வேற வழி தெரியலைம்மா." தீபா அங்கேயே நின்றிருந்தாள். "நீங்க என்கிட்ட சொல்லியிருந்தா நான் இன்னும் ரெண்டு மாசம் லீவு கேட்டிருப்பேன்ல" என்றாள். அப்போது நிலா அழுதாள், நான் தூக்கிக்கொண்டேன். தூக்கியதும், ஜெயித்துவிட்டது போல நீ ஒரு பெருமூச்சு விட்டாய். அந்தப் பெருமூச்சைத்தான் இன்னும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

திரும்பிப் போக அப்போது முடியவில்லை. குழந்தை ஒரு பாவமும் அறியாதது. போனில் வகுப்பெடுத்துப் பார்த்தேன். அங்கே பிரி தன் போனை ஜன்னலில் சாய்த்து வைப்பார், இங்கே நான் மடியில் நிலாவை வைத்துக்கொண்டு சின்னப் பலகையில் எழுதுவேன். அவர்கள் குழந்தையைப் பார்த்துச் சிரிப்பார்கள், பெயர் கேட்பார்கள். கணக்குப் பாதியில் படம் உறைந்துவிடும். மறுபடி வரும்போது பிள்ளைகள் கலைந்துபோயிருப்பார்கள். சில நாளில் பிரிக்கும் அலுத்துவிட்டது, எனக்கும் போனில் கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது. முடிவு வந்த அன்று அவரே கூப்பிட்டுச் சொன்னார். சிலர் தேறினார்கள். சிசோமோ மற்ற எல்லாப் பாடத்திலும் தேறி, கணக்கில் தோற்றுவிட்டாள். நான் இருந்திருந்தால் அவள் தேறியிருப்பாள் என்று சொல்ல மாட்டேன். இருந்தும் தோற்றிருக்கலாம். அது எனக்குத் தெரியாது, இனிமேல் ஒருநாளும் தெரியப்போவதில்லை. நீ என்னிடமிருந்து எடுத்துக்கொண்டது அதைத்தான்.

அங்கே இருக்கிற பசங்க உனக்கு எங்களைவிட முக்கியமா என்று நீ கேட்கிறாய். நான் உன்னை அவர்களோடு எடைபோட்டுப் பார்க்கவே இல்லை. எடைபோட வைத்தது நீ. நீ நாலாவது படிக்கும்போது அப்பாவுக்கு மதுரைக்கு மாற்றல் வந்தது. என்னை நேராகப் பார்த்து, "என்கூட வர்றியா? எனக்குத் தனியா இருக்கப் பிடிக்கலை" என்றார். நான், என் பத்தாவது வகுப்பை விட்டுவிட்டு வர முடியாது என்றேன். அவருக்கு வருத்தம்தான். ஒரு வாரம் சரியாகப் பேசவில்லை. பிறகு மூன்று வருடம் சனிக்கிழமை காலையில் ரயிலில் வந்து, ஞாயிறு திரும்பிப் போனார். எழும்பூர் ஸ்டேஷனில் நீ அவர் தோளில் தொங்கியது நினைவிருக்கும். ஒரு தடவைகூட உடம்பு சரியில்லை என்று பொய் சொல்லி அவர் என்னை வரவழைக்கவில்லை. ஒரு தடவை நிஜமாகவே காய்ச்சல் வந்தபோது, சொன்னார், நான் அடுத்த பஸ்ஸில் போனேன். அவர் சொன்னால் அது நிஜம் என்று எனக்குத் தெரியும். வீட்டில் இருக்கிறவர்களுக்குள் அது ஒன்று இருந்தால் போதும், மற்றதைச் சமாளித்துக்கொள்ளலாம். நாளைக்கு உன் அப்பாவுக்கு நிஜமாகவே ஏதாவது ஆகி நீ கூப்பிட்டால் நான் என்ன செய்வேன், சொல். அங்கே அந்த மேட்டில் நின்றுகொண்டு, இது உண்மையா என்று நான் தீபாவைக் கேட்க வேண்டும், டாக்டரைக் கேட்க வேண்டும். பெற்ற பிள்ளையின் வார்த்தையை விசாரிக்கிற நிலைமைக்கு என்னைக் கொண்டுவந்து விட்டாயே, அதுதான் எனக்கு ஆறவில்லை.

தீபாவிடம் இனிமேல் இப்படிச் செய்துவிடாதே. அவளிடம் எதையும் நேராகக் கேள். மாட்டேன் என்று சொல்ல அவளுக்கும் ஒரு இடம் கொடு. மாட்டேன் என்று சொல்ல முடியாத இடத்தில் ஒருவர் சரி என்று சொன்னால் அதற்கு ஒரு மதிப்பும் இல்லை. உனக்கு இது ஆபீஸில் தெரிகிறது, வீட்டுக்கு வந்தால் மறந்துபோகிறது.

இந்தத் தடவை என்ன ஏற்பாடு என்று நீ கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். தீபாவும் நானும் திருவான்மியூரில் ஒரு அம்மாவைப் பார்த்துவிட்டு வந்தோம். நாலைந்து குழந்தைகளை மட்டும் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறார். நிலா இரண்டு வாரமாகப் போகிறாள், காய்ச்சல் இல்லை. மதியத்துக்கு மேல் அப்பா போய்க் கூட்டிவந்துவிடுவார். அவருக்கு இப்போது பருப்புச் சாதம் மசித்து ஊட்டத் தெரியும், உன்னைவிட நன்றாகத் தெரியும். சிசோமோ அதே வகுப்பில் மறுபடி உட்கார்ந்திருக்கிறாள் என்று பிரி சொன்னார். நான் வருகிறேன் என்றதற்கு அவர், "பார்க்கலாம் மேடம்" என்றார். நம்பவில்லை. நம்ப வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை. போய் நின்றால்தான் உண்டு.

வெள்ளிக்கிழமை மத்தியானம் விமானம். அப்பா ஆட்டோவில் கூட்டிப்போகிறேன் என்கிறார். நீயும் வா. வந்து, மீட்டிங் என்று ஓடாமல், என் முகத்தைப் பார்த்து, "போகாதேம்மா, எனக்குக் கஷ்டமா இருக்கு" என்று சொல். நீ அதைச் சொல்லிக் கேட்க எனக்கு அவ்வளவு ஆசையாக இருக்கிறது. நான் உன் கன்னத்தைத் தொட்டுவிட்டு, "போயிட்டு வரேன்டா" என்பேன். உனக்கு வருத்தமாக இருக்கும், எனக்கும் இருக்கும். ஆனால் நாம் இரண்டு பேரும் உண்மையைச் சொல்லியிருப்போம். நான் நிம்மதியாக உள்ளே போவேன்.

அம்மா